போன் முழுவதையும் ஒரே கட்டளையில் எடுத்து, அப்படியே திருப்பிப் போடலாமா?

கோண்டாவிலில் இருந்து ஒரு சகோதரி கேட்டிருக்கிறா. அப்பாவின் சம்சுங் போன், அன்ட்ரொயிட் 12. திரையின் கீழ்ப்பாதியில் தொட்டால் வேலை செய்யுதில்லை. டவுனில் ஒரு திருத்துகிற கடையில் "திரை மாத்தித் தரலாம், உள்ளே இருக்கிறதுக்கு நாங்கள் பொறுப்பில்லை, ஃபோர்மட் பண்ண வேண்டியும் வரலாம்" என்று சொல்லிப்போட்டார்கள். கூகிள் இலவசமாகத் தரும் 15 ஜிபி எப்போதோ நிரம்பிவிட்டது. லப்டொப்பில் ஏடிபி (கேபிள் வழியாக அன்ட்ரொயிட் போனுக்குக் கட்டளை கொடுக்கிற கருவி) மூலம் ஏடிபி பேக்கப் என்ற கட்டளையைக் கொடுத்துப் பார்த்தால் ஒரு கேபிகூட இல்லாத ஒரு ஃபைல்தான் வருகிறது. "எங்கே பிழை விட்டேன்? ஒரே கட்டளையில் எல்லாவற்றையும் எடுத்துப் புதுப்போனில் போட வழி இல்லையா?" என்பது கேள்வி.

பார்த்தால் கட்டளையைப் பற்றிய கேள்விதான். ஆனால் உங்களுக்குத் தெரியவேண்டியது வேறு இரண்டு விஷயம் என்று நினைக்கிறேன்: போனைக் கடையில் கொடுக்க முதல் எதையெல்லாம் வெளியே எடுக்கலாம், எடுத்ததெல்லாம் உண்மையாகவே திரும்பி வருமா. அலுவலகக் கொம்பியூட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. அங்கே ஆட்கள் போன் மாற்றும்போது உள்ளதை எடுத்துக் கொடுக்கிற பொறுப்பும் பல வருடமாக என் தலையில்தான் விழுகிறது. அந்த அனுபவத்தை வைத்துச் சொல்கிறேன். கட்டளைகளை இங்கே ஒலிப்பில் எழுதுகிறேன். தட்டும்போது எல்லாவற்றையும் ஆங்கிலச் சின்ன எழுத்தில் தட்டுங்கோ, ஃபோல்டர் பெயர்களை மட்டும் போனில் இருக்கிறபடியே.

முதலில், நீங்கள் பிழை ஒன்றும் விடவில்லை. ஏடிபி பேக்கப் 2011இல் அன்ட்ரொயிட் 4.0 உடன் வந்தது. செயலிகளின் உள்தரவைச் சுருக்கி, தேவையென்றால் கடவுச்சொல்லும் போட்டு, ஒரே ஃபைலாகத் தருவதுதான் அதன் வேலை. ஆனால் செயலியைச் செய்தவர் "என் தரவை எடுக்க வேண்டாம்" என்று ஒரு வரி எழுதிவைத்தால் அந்தச் செயலியைச் சத்தமில்லாமல் விட்டுவிடும். வங்கிச் செயலிகள், செய்திச் செயலிகள் பல அப்படித்தான் எழுதப்பட்டவை. அதற்கு மேல் அன்ட்ரொயிட் 12இல் இன்னொரு விதி வந்தது: அந்தப் பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ இலக்காக வைத்துச் செய்த செயலிகளின் தரவை இந்தக் கட்டளை தொடாது. பிளே ஸ்டோரில் போடும் புதிய பதிப்புகள் அண்மைய அன்ட்ரொயிட்டையே இலக்காக வைக்கவேண்டும் என்பது கூகிளின் நிபந்தனை. ஆகவே ஒழுங்காக அப்டேட் செய்த போனில் எடுப்பதற்குக் கிட்டத்தட்ட ஒன்றும் மிஞ்சாது. உங்களுக்கு வந்த குட்டி ஃபைலில் இருப்பது "இது அன்ட்ரொயிட் பேக்கப்" என்று சொல்லும் தலைப்புத் துண்டும் வெறும் பொதியும்தான். கட்டளையை அடித்ததும் இது கைவிடப்பட்ட வசதி என்று ஓர் எச்சரிக்கை வந்திருக்குமே, அது சும்மா மிரட்டல் இல்லை.

ரூட் பண்ணினால், அதாவது போனின் முழு அதிகாரத்தையும் கையில் எடுத்தால், முழுசாக எடுக்கலாம் என்று யாராவது கீழே எழுதுவார்கள். இந்த நிலையில் அதைக் கேட்காதேங்கோ. ரூட் பண்ண பூட்லோடரை, அதாவது போனைத் தொடக்கிவிடும் மென்பொருளின் பூட்டை, திறக்கவேண்டும். திறக்கிற அந்த வேளையிலேயே போன் தன்னை முழுசாகத் துடைத்துவிடும். காப்பாற்ற வந்ததை முதல் படியிலேயே இழப்பீர்கள். சம்சுங்கில் வேறு திருத்திய மென்பொருளை ஏற்றினால் நொக்ஸ் என்ற பாதுகாப்பும் நிரந்தரமாகப் பழுதாகும்.

ஒவ்வொரு செயலிக்கும் உள்ளே ஒரு பூட்டிய அறை இருக்கு; ஏடிபி விறாந்தை வரைக்கும் வரக்கூடிய விருந்தாளி. நல்ல காலம், சனத்துக்கு வேண்டியதில் பெரும்பகுதி விறாந்தையில்தான் கிடக்கிறது: படங்கள், வீடியோக்கள், டவுன்லோட்கள், வட்ஸ்அப்பில் வந்த படமும் குரல் பதிவும், வட்ஸ்அப் தானே எடுத்து வைக்கும் பேக்கப் ஃபைல். இவை எல்லாம் எஸ்டிகாட் என்ற பாதையின் கீழே இருக்கு. மெமரி காட் போடாத போனிலும் அந்தப் பெயர்தான், குழம்ப வேண்டாம்.

நீங்கள் பேக்கப் கட்டளையை ஓட விட்டிருக்கிறீர்கள் என்றால் டெவலப்பர் ஒப்ஷன் என்ற மறைந்த செட்டிங்ஸ் பக்கம், அதிலுள்ள யூஎஸ்பி டிபக்கிங் (கேபிளால் வரும் கட்டளையை ஏற்கும் சுவிட்ச்) இரண்டும் ஏற்கனவே திறந்திருக்கு, லப்டொப்புக்கு அனுமதியும் கிடைத்திருக்கு. அது பெரிய விஷயம். இதே நிலையில் வேறு ஆட்கள் இதை வாசித்தால்: செட்டிங்ஸில் எபௌட் போன், சொஃப்ட்வெயார் இன்ஃபர்மேஷன், அங்கே பில்ட் நம்பரை ஏழு தரம் தட்டவேண்டும். பிறகு டெவலப்பர் ஒப்ஷனுக்குள் போய் யூஎஸ்பி டிபக்கிங்கைப் போட்டுவிட்டுக் கேபிளைச் செருகினால் "இந்தக் கொம்பியூட்டரை அனுமதிக்கவா" என்று திரையில் ஒரு கேள்வி வரும். பொத்தான் திரையின் கீழ்ப்பக்கம் வரும். உங்கள் போனில் செத்துப்போனதும் அந்தக் கீழ்ப்பக்கம்தான். ஓட்டோ ரொட்டேட்டைப் போட்டுவிட்டுப் போனைச் சரித்தால் பொத்தான் உயிருள்ள பகுதிக்கு வரும். அதுவும் சரிவராவிட்டால் ஓடிஜி துண்டு (போனின் துளையில் யூஎஸ்பி சாமானைச் செருக உதவுவது) ஒன்று வாங்கிச் சாதாரண மவுஸைப் போனில் செருகுங்கோ, அம்புக்குறி வரும். கேபிள் துளை ஒன்றுதானே, அனுமதிக் கேள்வி வரும் நேரம் மவுஸைச் செருக இடமில்லை என்பது உண்மை; அப்போது புளூடூத் மவுஸ் உதவும்.

கேள்வி வரும்போது "எப்போதும் அனுமதி" என்ற கட்டத்தையும் தட்டிவிடுங்கோ. அன்ட்ரொயிட் 11க்குப் பிறகு அந்த அனுமதியும் ஏழு நாள் பாவிக்காமல் விட்டால் தானாகவே காலாவதியாகும். திரை நாளுக்கு நாள் பழுதாகிக்கொண்டு போகிற போனில் இது ஆளைக் கவிழ்க்கும். டெவலப்பர் ஒப்ஷனிலேயே அந்தக் காலக்கெடுவை நிறுத்த ஒரு சுவிட்ச் இருக்கு, இன்றைக்கே போட்டுவிடுங்கோ. இன்னொன்று: வேலை முடியும்வரை போனை ஓஃப் பண்ணி ஓன் பண்ண வேண்டாம். இந்தக் காலத்துப் போன்களில் ஃபைல்கள் பூட்டு எண்ணோடு சேர்த்துக் குறியாக்கம் செய்யப்பட்டிருக்கு. ஓன் பண்ணிய பிறகு ஒருக்காவாவது பின் நம்பரை அடித்தால்தான் எஸ்டிகாட் பக்கமே கண்ணுக்குத் தெரியும். அப்படி ஓஃப் ஆகிவிட்டாலும், அனுமதி பெற்ற லப்டொப் இருந்தால் வழி உண்டு. ஸ்க்ரீன் கொப்பி என்று ஒலிக்கும் எஸ்-சி-ஆர்-சி-பி-வை என்ற இலவச மென்பொருள் போன் திரையை லப்டொப்பில் காட்டும், மவுஸாலும் கீபோட்டாலும் இயக்கலாம். போனில் எதையும் நிறுவத் தேவையில்லை. விண்டோஸுக்கான சிப் ஃபைலில் ஏடிபியும் சேர்ந்தே வருகிறது.

இனி எடுக்கிற அலுவல். ஏடிபி டிவைசஸ் என்று அடித்தால் ஒரு நீண்ட எண்ணும் பக்கத்தில் டிவைஸ் என்ற சொல்லும் வரவேண்டும். அன்ஓதரைஸ்ட் என்று வந்தால் அனுமதிக் கேள்வி இன்னும் திரையில் காத்துக்கொண்டு நிற்கிறது. ஒன்றுமே வராவிட்டால் முதலில் கேபிளைச் சந்தேகியுங்கோ. சார்ஜ் மட்டும் ஏறுகிற, தரவு போகாத கேபிள்கள் கடையில் ஏராளம்.

பிறகு ஏடிபி புல், ஒரு இடைவெளி, கழித்தல் குறியோடு ஏ, பிறகு சாய்கோடு போட்டு எஸ்டிகாட், சாய்கோடு, டிசிஐஎம் (கமெராப் படங்கள் கிடக்கிற ஃபோல்டர்), கடைசியாக லப்டொப்பில் எங்கே போடவேண்டும் என்ற ஃபோல்டர். அந்த ஏ என்ற எழுத்தை விடாதேங்கோ. அது இல்லாவிட்டால் எல்லா ஃபைலுக்கும் இன்றைய திகதி விழும். கமெராவில் எடுத்த படத்துக்குள் எடுத்த திகதி பதிந்திருக்கும், அதனால் தப்பிவிடும். வட்ஸ்அப்பில் வந்த படத்தில் அந்தப் பதிவு அழிக்கப்பட்டிருக்கும். பெயரில் இருக்கிற எட்டு இலக்கத் திகதியும் ஃபைலின் திகதியும்தான் மிச்சம். மாமாவின் கலியாணப்படம் எல்லாம் போன கிழமை எடுத்ததுபோல் புதுப்போன் கலரியில் வரிசைக்கு வந்து நிற்கும்.

முழு எஸ்டிகாட்டையும் ஒரே தரத்தில் இழுக்காமல் டிசிஐஎம், பிக்சர்ஸ், டவுன்லோட், வட்ஸ்அப் என்று தனித்தனியாக எடுங்கோ. காரணம், இடையில் கேபிள் அசைந்தாலோ கரண்ட் போய் மேசைக் கொம்பியூட்டர் நின்றாலோ இந்தக் கட்டளை விட்ட இடத்தில் இருந்து தொடராது, முதலில் இருந்துதான். இடைத்தரப் போன்கள் பலவற்றில் யூஎஸ்பி 2.0தான், தாளில் விநாடிக்கு 480 மெகாபிட் என்றாலும் கைக்கு வருவது 30 எம்பி அளவில். 60 ஜிபிக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் பிடிக்கும். அதே 60 ஜிபியை டேட்டா பக்கேஜில் கிளவுட்டுக்கு ஏற்றுகிற செலவையும் நேரத்தையும் யோசித்தால் கேபிள் எவ்வளவோ மேல். முடிவில் இத்தனை ஃபைல் எடுக்கப்பட்டது, இத்தனை தவிர்க்கப்பட்டது என்று ஒரு வரி வரும். தவிர்க்கப்பட்டது பூச்சியம் என்று இருக்குதா என்று பாருங்கோ. அதற்கு மேலே எரர் என்ற சொல் ஓடியிருந்தால் அந்த ஃபோல்டரைத் திரும்ப எடுங்கோ.

அன்ட்ரொயிட் 11இல் இருந்து வட்ஸ்அப் ஃபோல்டர் இடம் மாறிவிட்டது. எஸ்டிகாட், அதற்குள் அன்ட்ரொயிட், அதற்குள் மீடியா, அதற்குள் கொம் புள்ளி வட்ஸ்அப், அதற்குள் வட்ஸ்அப். உள்ளே மீடியா என்ற ஃபோல்டரில் வொய்ஸ் நோட்ஸ் என்று ஒன்று இருக்கும். திறந்தால் வருடமும் கிழமை எண்ணும் சேர்ந்த பெயரில் நிறையச் சின்ன ஃபோல்டர்கள், ஒவ்வொன்றிலும் ஓபஸ் என்று முடியும் குட்டிக் குட்டி ஃபைல்கள். கனடாவில் இருக்கிற பெரியம்மா அனுப்பிய குரலெல்லாம் இங்கேதான் கிடக்கு. கலரியில் இவை தெரியாது, கூகிள் போட்டோஸும் எடுக்காது. படங்களை மட்டும் காப்பாற்றிவிட்டுப் பிறகு அழுகிற ஆட்கள் பெரும்பாலும் இதற்காகத்தான் அழுகிறார்கள்.

ஆயிரக்கணக்கான குட்டி ஃபைல் என்பதால் புல் கட்டளை இங்கே ஊர்ந்து போகும். கெதியாக எடுக்க ஒரு வழி உண்டு: ஏடிபி எக்செக்-அவுட் என்பதோடு தார் கட்டளையைச் சேர்த்து, போனுக்குள்ளேயே எல்லாவற்றையும் ஒரு பொதியாகக் கட்டி, > குறியால் லப்டொப்பில் ஒரு ஃபைலுக்குள் திருப்பிவிடுவது. இதைச் செய்தால் பழைய கறுப்பு கொமான்ட் ப்ரொம்ப்ட் ஜன்னலில் மட்டும் செய்யுங்கோ. விண்டோஸோடு வருகிற பவர்ஷெல் அந்த > குறியைக் கண்டால் வருவதை எழுத்தென்று நினைத்து மாற்றி எழுதிவிடும். ஃபைல் பருத்து வரும், திறக்காது, எச்சரிக்கையும் வராது. கட்டளை வரியோடு பழக்கமில்லை என்றால் நேரம் போனாலும் புல்தான் உங்களுக்கு நல்லது.

உரையாடல்கள் வேறு கதை. டேட்டாபேஸஸ் என்ற ஃபோல்டரில் இருக்கும் கிரிப்ட்14 அல்லது கிரிப்ட்15 என்று முடியும் ஃபைல்தான் அது. எடுக்க முதல் வட்ஸ்அப் செட்டிங்ஸில் செட்ஸ் (உரையாடல்கள்), செட் பேக்கப் போய் ஒருக்கா பேக்கப் பொத்தானை அழுத்துங்கோ, இல்லாவிட்டால் இரவு 2 மணிக்குத் தானாக எடுத்ததுதான் இருக்கும். இந்த ஃபைலை நீங்கள் திறந்து வாசிக்க முடியாது. சாவி அந்தப் பூட்டிய அறைக்குள். அதே தொலைபேசி இலக்கத்தில் புதுப்போனில் வட்ஸ்அப்பைப் பதியும்போது சாவி திரும்பக் கிடைக்கும். ஆகவே அப்பாவின் சிம் உயிரோடு இருக்கவேண்டும், நிறுத்திவிடாதேங்கோ. எண்ட்-டு-எண்ட் என்கிரிப்டட் பேக்கப் போட்டிருந்தால் அந்தக் கடவுச்சொல்லோ 64 இலக்கச் சாவியோ வேண்டும். அது இல்லையென்றால் அந்த ஃபைலை ஒருவராலும் திறக்க இயலாது.

பழைய போன் இன்னும் உயிரோடு இருக்கிற உங்கள் நிலையில் இதைவிட லேசான வழி, 2023இல் வட்ஸ்அப் கொண்டுவந்த ட்ரான்ஸ்ஃபர் செட்ஸ். இரண்டு போனையும் பக்கத்தில் வைத்துக் கியூஆர் கோட்டைப் பிடித்தால் வைஃபையில் நேரடியாகப் போய்விடும். புதுப்போனும் சம்சுங் என்றால் ஸ்மார்ட் ஸ்விட்ச் தொடர்பு இலக்கம், குறுஞ்செய்தி, அழைப்புப் பட்டியல் எல்லாவற்றையும் கொண்டுபோகும். கட்டளை வரி தெரிந்தவன் இப்படிச் சொல்லலாமோ என்று சிரிக்காதேங்கோ. ஏடிபியால் எடுத்தது உங்கள் கையில் இருக்கிற பிரதி. இவை மாற்றிக்கொடுக்கிற வண்டி. இரண்டும் வேண்டும்.

தொடர்பு இலக்கங்களைத் தொடர்புச் செயலியிலேயே எக்ஸ்போர்ட் கொடுத்து விசிஎஃப் ஃபைலாக்கி, அதையும் இழுத்துக்கொள்ளுங்கோ. அதை நோட்பேட்டில் திறந்தால் தமிழ்ப் பெயர்கள் இருக்கவேண்டிய இடத்தில் சமன் குறியும் ஈ0, ஏஈ போன்ற எழுத்துமாக வரிவரியாய் நிற்கும். பழுதாகிவிட்டது என்று பயந்து அழித்துவிட வேண்டாம். பழைய விகார்ட் முறையில் தமிழ் எழுத்து அப்படித்தான் எழுதப்படும், இம்போர்ட் பண்ணியதும் பெயர் வடிவாக வரும். குறுஞ்செய்திக்கு எஸ்எம்எஸ் பேக்கப் அண்ட் ரீஸ்டோர் என்ற செயலி எக்ஸ்எம்எல் ஃபைலாக எடுத்துத் தரும். வங்கிச் செயலிகளில் எடுக்க ஒன்றுமில்லை, புதுப்போனில் புதிதாகப் பதியவேண்டும். டெலிகிராமின் சாதாரண உரையாடல்கள் அவர்களின் சேர்வரில் இருக்கு. சிக்னலுக்குச் சொந்த பேக்கப் வசதி உண்டு, அதை ஓன் பண்ணி, அது தருகிற நீண்ட சாவியைத் தாளில் எழுதிவையுங்கோ. ஒதென்டிகேட்டர் செயலி (கணக்குக்குள் போகும்போது கேட்கிற மாறும் எண்ணைத் தருவது) பாவித்தால் அதைக் கடைசி வரை மறக்காதேங்கோ. பழைய போன் துடைக்கப்பட்ட பிறகு அது ஞாபகம் வந்தால் கணக்குகளுக்குள் போக வழியில்லாமல் அலையவேண்டி வரும்.

எடுத்ததைச் சரிபார்ப்பது எப்படி? ஃபோல்டரின் ஃபைல் எண்ணிக்கையையும் அளவையும் போனிலும் லப்டொப்பிலும் ஒப்பிடுங்கோ. பிறகு ஆகப் பழைய படம் ஒன்று, ஆகப் பெரிய வீடியோ ஒன்றை முடிவு வரைக்கும், ஒரு குரல் பதிவு, இவற்றைத் திறந்து பாருங்கோ. ஓபஸ் ஃபைலை விஎல்சி திறக்கும். இரண்டாவது பிரதி ஒன்று பென் டிரைவில் போடுவதென்றால் அது ஃபேட்32 முறையில் இருந்தால் 4 ஜிபிக்கு மேற்பட்ட ஒற்றை ஃபைலை ஏற்காது. நீளமான வீடியோவும் தார் பொதியும் அங்கேதான் முட்டும். எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றிவிட்டுப் போடுங்கோ.

திருப்பிப் போடுவது ஏடிபி புஷ். டிசிஐஎம் ஃபோல்டரை எஸ்டிகாட் என்ற இடத்துக்கே அனுப்புங்கோ. எஸ்டிகாட் சாய்கோடு டிசிஐஎம் என்று கொடுத்தால், அது ஏற்கனவே அங்கே இருப்பதால் டிசிஐஎம்முக்குள் இன்னொரு டிசிஐஎம் பிறக்கும். முடிந்ததும் கலரியில் ஒன்றும் தெரியாவிட்டால் போனை ஒருக்கா ரீஸ்டார்ட் பண்ணினால் தேடிப் பட்டியலிடும். வட்ஸ்அப்பை நிறுவி, திறக்காமல், அதன் ஃபோல்டரைப் பழைய இடத்திலேயே புஷ் பண்ணிவிட்டுப் பிறகு திறந்து அதே இலக்கத்தைப் பதியவேண்டும். படமும் வீடியோவும் திரும்பி வருவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. வட்ஸ்அப் உரையாடல் இந்த வழியில் பெரும்பாலும் வரும். எல்லாப் போனிலும் வருமென்று எழுதித்தர மாட்டேன், பதிப்புக்குப் பதிப்பு நடத்தை மாறுகிறது. ஆகவே புதுப்போனில் கண்ணால் காணும்வரை பழைய போனைத் துடைக்க விடவேண்டாம். புதுப்போன் அண்மைய சம்சுங் என்றால் ஓட்டோ புளொக்கர் என்ற பாதுகாப்பு ஓனில் இருக்கக்கூடும். அது இருக்கும்வரை யூஎஸ்பி டிபக்கிங் சுவிட்ச் மங்கிப்போய்த் தட்டுப்படாது. வேலைக்கு மட்டும் நிறுத்திவிட்டுத் திரும்பப் போடுங்கோ.

கடையைப் பற்றியும் ஒரு சொல். திரை மாற்றுவதற்குப் போனைத் துடைக்கவேண்டிய தொழில்நுட்பத் தேவை இல்லை. தரவு இருப்பது போர்டில், திரையில் அல்ல. திருத்துபவர் பொறுப்பைத் தவிர்க்கச் சொல்வது நியாயம், ஏனென்றால் கழற்றும்போது போர்டுக்கு ஏதும் நடக்கலாம். ஆனால் "துடைத்தால்தான் திருத்துவம்" என்றால் வேறு கடை பாருங்கோ. சம்சுங்கின் சில மொடல்களில் மெயின்டனன்ஸ் மோட் என்று ஒன்று இருக்கு. அதைப் போட்டுக் கொடுத்தால் திருத்துபவர் திரையைச் சோதிக்கலாம், உங்கள் படங்களையோ செய்திகளையோ பார்க்க முடியாது. அன்ட்ரொயிட் 13க்குப் பிறகே பரவலாக வந்தது, உங்கள் போனில் இல்லாமல் இருக்கவும் கூடும். எப்படியும் கொடுக்க முதல் டெவலப்பர் ஒப்ஷனில் அனுமதிகள் எல்லாவற்றையும் ரிவோக் பண்ணி, டிபக்கிங்கை நிறுத்திவிடுங்கோ.

நான் சொன்னதெல்லாம் அன்ட்ரொயிட்டுக்கு, அதிலும் சம்சுங் நிலவரம். ஷாவோமியில் அனுமதிச் சுவிட்ச் இன்னொன்று கூடுதலாக இருக்கு. ஐபோனுக்குக் கட்டளையும் வேறு, முறையும் வேறு, அதில் என்னைவிட வேலை தெரிந்தவர்கள் சொல்லட்டும்.

இப்ப ஏடிபி ஷெல், பிஎம், லிஸ்ட், பக்கேஜஸ், கழித்தல் குறியோடு 3 என்று அடியுங்கோ. அப்பா தானாக நிறுவிய செயலிகளின் பட்டியல் வரும். வங்கிப் பெயர்களை அழித்துவிட்டு மிச்சத்தை இங்கே ஒட்டுங்கோ. பூட்டிய அறைக்குள் தரவு வைத்திருக்கிறவை எவை, ஒவ்வொன்றிலும் எக்ஸ்போர்ட் எங்கே இருக்கு என்று பார்த்துச் சொல்கிறேன்.